எவர்சில்வர் குண்டானுக்குப் போன கோட்டு

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, என் மகள் பூனாவின் பானேரிலிருந்து வீட்டுக்கு வந்தாள். தோளில் ஒரு பச்சைக் கோட்டு. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வாசம் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அந்துருண்டை, ஈரம் பட்டுக் காய்ந்த துணி, நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த உலோகப் பொத்தான், மூன்றும் கலந்த வாசம். ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அது என் மூக்கில் ஏறியது. பிடித்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"அம்மா, எப்படி இருக்கு? அமெரிக்கன் ஆர்மி கோட்டு. ரீப்ளிகா இல்ல, ஒரிஜினல். பதினோராயிரம்."

கழுத்துக்குக் கீழே தைத்திருந்த துணிப்பட்டையை விரித்துக் காட்டினாள். எழுத்து பாதி அழிந்திருந்தது. 'கோட், கோல்ட் வெதர்' என்று தொடங்கி, அளவு, துணியின் விவரம், ஒப்பந்த எண். எண்ணின் நடுவில் 74 என்று இருந்தது. அதுதான் ஒப்பந்தம் போட்ட வருஷமாம். அதைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. முழங்கைப் பக்கம் துணி தேய்ந்து வெளுத்திருந்தது. மார்பில் பெயர்ப்பட்டி பிரித்தெடுத்த இடத்தில் தையல் ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்த ஓட்டைகளுக்காகத்தான் விலையே கூடுதல் என்றாள்.

இதே பூனாவில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி மிலிட்டரி கோட்டு ஒன்றை யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைத்த கதையை அவளுக்கு நான் சொன்னதில்லை. அன்று ராத்திரி சொன்னேன். இங்கே எழுதுவதும் அதுதான்.

அப்போது நாங்கள் கிர்க்கியில் இருந்தோம். இன்றைக்கு எல்லாரும் கட்கி என்கிறார்கள், எங்கள் வீட்டில் கடைசிவரைக்கும் கிர்க்கிதான். 1869இல் தொடங்கிய அம்யூனிஷன் ஃபேக்டரியில் அப்பாவுக்கு ஃபிட்டர் வேலை. ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம். மார்கழிப் பனிக்குத் தலையில் ஒரு துண்டைக் கட்டினால் போதும் என்று வளர்ந்தவர்கள். அவர்களைக் கொண்டுவந்து முளா ஆற்றங்கரையில் குடிவைத்தால் என்ன ஆகும்? முதல் இரண்டு வருஷம் டிசம்பர் வந்தாலே அம்மா அழுவாளாம்.

பூனாக் குளிரை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து இங்கே மாறிவந்தது. சிவாஜிநகரில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு இன்றும் சிம்லா ஆபீஸ் என்றுதான் பெயர், பக்கத்து பஸ் நிறுத்தத்துக்கும் அதே பெயர். ஊர் கண்ட கடுங்குளிர் 1935 ஜனவரி 17 அன்று, 1.7 டிகிரி. என் சிறுவயதில் அந்த அளவுக்கு இறங்கியதில்லை. ஆனால் ராத்திரியில் ஏழும் எட்டும் சாதாரணம். தகரக் கூரை போட்ட வராந்தாவில் வைத்த குடத்துத் தண்ணீரில் விடியற்காலையில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் வலிக்கும். அப்பா காலை ஷிஃப்டுக்கு சைக்கிளில் கிளம்பும்போது தெருமுனை விளக்குக் கம்பம் மூடுபனியில் மறைந்திருக்கும்.

1975இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஜூனா பஜாருக்குக் கூட்டிப்போனார். மங்கள்வார் பேட்டைப் பக்கம், புதனும் ஞாயிறும் கூடும் பழைய சாமான் சந்தை. தரையில் சாக்கை விரித்து அதன்மேல் உலகத்தையே கொட்டியிருப்பார்கள். துருப்பிடித்த பூட்டு, ரேடியோ வால்வு, பித்தளைக் குத்துவிளக்கு, ஊசி இல்லாத கிராமபோன். ஒரு மூலை முழுக்க மிலிட்டரி சாமான். தண்ணீர் பாட்டில், மெஸ் டின், கொசுவலை, ஆணி அடித்த பூட்ஸ். பட்டாளத்தில் 'கண்டம்' பண்ணிய, அதாவது கழித்துவிட்ட, சரக்கு ஏலத்தில் போய், கை மாறி, கடைசியில் இந்தச் சாக்குக்கு வந்துசேரும். சென்னையில் மூர் மார்க்கெட் எரிந்துபோகும்வரை, அதாவது 1985 வரைக்கும், அங்கேயும் இதே கதைதான்.

அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து அப்பா ஒரு கோட்டை உருவினார். உருவினார் என்றால் இரண்டு கையாலும் இழுத்தார். அத்தனை கனம். கடைக்காரர் முப்பது ரூபாய் என்றார், அப்பா பதினைந்து. "மிலிட்டரிசா மால் ஆஹே, மரேபர்யந்த் டிகேல்," என்றார் அவர். சாகும்வரைக்கும் தாங்கும். இருபத்திரண்டு ரூபாய்க்கு முடிந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டே சைக்கிளை மிதித்தார். வெயில் ஏறிவிட்டது, நெற்றியில் வேர்வை வழிந்தது, கழற்றவில்லை.

அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லை. "எந்தச் செத்தவன் போட்டதோ!" மூன்று நாள் கொடியில் கிடந்தது. வேப்பிலை அடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிறகுதான் வாசற்படி தாண்டியது.

அந்தக் கோட்டின் ஒவ்வோர் அங்குலமும் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே வரும். முன்பக்கம் இரண்டு வரிசைப் பொத்தான், அதில் மூன்று பித்தளை, மற்றவை யாரோ மாற்றித் தைத்த கறுப்பு பிளாஸ்டிக். காலரைத் தூக்கிவிட்டால் காது மறையும். கழுத்துக்குக் குறுக்கே ஒரு சின்னப் பட்டி, அதை மாட்டிவிட்டால் தொண்டைக்குக் காற்று போகாது. முதுகில் இடுப்பளவில் அரைப் பட்டி. அதற்குக் கீழே துணியை மடித்துப் பிளந்துவிட்டிருப்பார்கள், கால் அகட்டி நடக்கவும் உட்காரவும் இடம் வேண்டுமே. உள்ளே பருத்தித் துணி லைனிங், இடது மார்புக்கு உள்பக்கம் ஒரு பை. அந்தப் பையின் அடியில் ஒரு பீடித்துண்டும் மடித்த தீப்பெட்டி அட்டையும் இருந்தன. அப்பா அவற்றைத் தூக்கிப்போடவில்லை. அதே பையில் திரும்ப வைத்துவிட்டார். ஏன் என்று கேட்கும் வயதில்லை எனக்கு.

அடுத்த குளிர்காலத்தில் எனக்கு இழுப்பு வந்தது. டாக்டர் நெஞ்சில் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். புதுக் கம்பளி ஸ்வெட்டர் வாங்கப் பணமில்லை. அம்மா அப்பாவின் கோட்டைப் பிரித்தாள். அடியில் ஒரு முழம் வெட்டி, கையைக் குறைத்து, தோளை உள்ளே பிடித்து, கைத்தையலிலேயே நான்கு ராத்திரி உட்கார்ந்து எனக்காக்கினாள். அந்தக் கம்பளியில் ஊசி இறங்காது. புளியங்கொட்டையை வைத்து ஊசியின் காதை அழுத்தி அழுத்தித் தைத்தாள். வெட்டிய துண்டு அடுப்படிக்குப் போயிற்று, சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணியாக. அப்பா அந்த வருஷம் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தார். கேட்டால், ஃபேக்டரிக்குள் சூடாகத்தான் இருக்கும் என்பார். அது பொய் என்பது எனக்குப் புரியவே இருபது வருஷம் ஆயிற்று.

புரியாத அந்த வயதில் நான் செய்தது இன்றும் உறுத்துகிறது.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வகுப்பில் நுழைந்ததும் ஒருத்தி கத்தினாள்: "வாட்ச்மன் ஆலா!" காவல்காரன் வந்தாச்சு. அவ்வளவுதான், அந்த வருஷம் முழுக்க அதுதான் என் பெயர். மற்றப் பெண்களுக்கு ரத்தச் சிவப்பிலும் மயில் நீலத்திலும் வீட்டில் பின்னிய ஸ்வெட்டர். எனக்கு ஏலத்தில் எடுத்த ஆம்பிளைக் கோட்டு. பழசு என்றால் ஏழை, காக்கி என்றால் காவல்காரன். இந்த இரண்டும் சேர்ந்த ஒன்றை ஒரு பெண்பிள்ளை சுமந்துகொண்டு போவதைவிட வேறு அவமானம் எனக்கு அன்று தெரியாது. மூன்றாம் நாளிலிருந்து எங்கள் லைன் வீடுகள் முடியும் இடத்திலிருந்த பம்ப் ரூமுக்குப் பின்னால் கோட்டைச் சுருட்டித் திணித்துவிட்டு, வெடவெட என்று நடுங்கிக்கொண்டே போய்வந்தேன். சாயங்காலம் எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன்.

ஒரு வாரத்தில் சுபேதார் மாமா பார்த்துவிட்டார்.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் வட ஆற்காட்டில் வீட்டுக்கொரு மிலிட்டரிக்காரர் இருக்கிற ஊர்கள் உண்டு, அப்படி ஒரு ஊர். அதிகம் பேசமாட்டார். அன்று சாயங்காலம் பம்ப் ரூம் பின்னால் போனேன், கோட்டு இல்லை. நெஞ்சு நின்றுவிட்டது. திரும்பினால், மாமா தன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் கோட்டு. தூசி தட்டி, மடிப்பு மடிப்பாக, பட்டாளத்தில் மடிக்கிற மாதிரி மடித்து வைத்திருந்தார்.

"இங்க வா கண்ணு. உக்காரு."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, இடது கால் கான்வாஸ் ஷூவின் கயிற்றை அவிழ்த்தார், சாக்ஸைக் கழற்றினார். கடைசி இரண்டு விரல் இல்லை. இருந்த இடத்தில் தோல் பளபளவென்று, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி இருந்தது.

"குண்டு பட்டுதுன்னு நெனச்சியா? இல்ல. பனி. அறுபத்திரண்டுல."

நேஃபாவில் இருந்திருக்கிறார், இன்றைய அருணாசலத்தில். சமவெளியிலிருந்து அவசர அவசரமாக மேலே ஏற்றினார்களாம். உடம்பில் கோடைக்கால நூல் யூனிஃபார்ம், ஆளுக்கு ஒரு போர்வை, காலில் கான்வாஸ் ஷூ. "கோட்டு வருது வருதுன்னாங்க. சைனாக்காரன்தான் முன்னால வந்தான்." அவர் சொன்னது இவ்வளவுதான். பக்கத்தில் படுத்திருந்த ஒருவரைப் பற்றித் தொடங்கினார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மாமா சொன்னது ஒரு மனிதரின் கதை மட்டுமில்லை. நம்கா சூ ஆற்றங்கரையில் 1962 அக்டோபர் 20 அன்று தாக்கப்பட்ட 7ஆவது பிரிகேடின் தளபதி ஜே. பி. தால்வி, போர்க்கைதியாக இருந்து திரும்பி 1969இல் 'ஹிமாலயன் பிளண்டர்' என்ற நூலை வெளியிட்டார். நூல் சட்டையோடும் ஒற்றைப் போர்வையோடும் அந்த உயரத்தில் நின்ற சிப்பாய்களைப் பற்றி அதில் இருக்கிறது. லடாக்கில் ரெசாங் லாவில் நவம்பர் 18 அன்று குமாவோன் ரெஜிமெண்டின் 13ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி ஏறக்குறைய முழுமையாக மடிந்தது, 114 பேர். அடுத்த வருஷம் பனி விலகத் தொடங்கியபோது ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். கையில் துப்பாக்கி பிடித்த நிலையிலேயே உறைந்துகிடந்தார்கள். அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால், 1914 இலையுதிர்காலத்தில், இந்தியச் சிப்பாய்கள் மார்சேல் துறைமுகத்தில் இறங்கியபோதும் உடம்பில் இருந்தது காக்கி நூல்துணிதான். முதலில் ஆளை அனுப்புவது, பிறகு கோட்டை அனுப்புவது. ஒரு தடவை நடந்தால் தவறு. திரும்பத் திரும்ப நடந்தால் அதற்கு வேறு பெயர்தான் சொல்ல வேண்டும்.

1962 தோல்விக்குப் பிறகு நாடு முழுக்கப் பெண்கள் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள், வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதெல்லாம் நம் எல்லார் வீட்டிலும் சொல்லக் கேட்டதுதான். ஸ்வெட்டர் போய்ச் சேர்ந்தபோது மாமாவின் விரல்கள் போயிருந்தன.

மாமா கோட்டை எடுத்து எனக்குப் போட்டுவிட்டார். கழுத்துப் பட்டியை மாட்டினார். விரலால் கம்பளியைத் தடவிப் பார்த்து, "இது கான்பூர் கம்பளி. லால் இம்லியா இருக்கும்," என்றார். 1876இல் தொடங்கிய கான்பூர் உல்லன் மில்லைத்தான் சொன்னார். பட்டாளத்துக்குக் கம்பளி நெய்து பேரெடுத்த ஆலை. அதன் தறிகள் ஓய்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.

வீட்டில் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மறுநாள் கோட்டோடு போனேன். கேலி நிற்கவில்லை. நானும் கழற்றவில்லை. எட்டாம் வகுப்பு வரைக்கும், கை முழங்கைக்கு ஏறும்வரைக்கும் அதைத்தான் போட்டேன்.

என் மகளின் கோட்டு வேறு ஜாதி. அதன் பெயர் எம்-65. 1965இல் அமெரிக்கத் தரைப்படைக்கு வந்தது. கனத்த கம்பளி இல்லை, நெருக்கமாக நெய்த பருத்தி, நைலான் கலப்பு. இரண்டாம் உலகப்போரில் அவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார்கள்: ஒரே கனத்த கோட்டு வேண்டாம், காற்றைத் தடுக்கும் ஓர் ஓடு மேலே, சூட்டைப் பிடித்துவைக்கும் அடுக்குகள் உள்ளே. குளிருக்கு ஏற்ப ஏற்றலாம், இறக்கலாம். 1943ஆம் வருஷத்துக் கோட்டில் தொடங்கிய அந்த யோசனைதான் இதுவரைக்கும் வந்திருக்கிறது.

அவளும் நானும் அன்று ராத்திரி அதைக் கட்டிலில் விரித்துவைத்து, அறுவடை நெல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தோம். காலரில் ஒரு ஜிப், அதைத் திறந்தால் உள்ளே சுருட்டிவைத்த தொப்பி. இடுப்புக்கு உள்ளே இழுத்துக் கட்டும் கயிறு. உள் அடுக்கை மாட்டப் பொத்தான்கள். என்னைக் கட்டிப்போட்டது மணிக்கட்டுதான். கையின் ஓரத்துக்குள் ஒரு முக்கோணத் துணி மடிந்துகிடக்கிறது. வெளியே இழுத்துவிட்டால் புறங்கையை மூடிக்கொள்ளும். கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் நுழையும் இரண்டு அங்குலக் காற்றுக்காக ஒருவர் உட்கார்ந்து யோசித்து வெட்டிய துண்டு. அதைப் பார்த்ததும் என் கோட்டின் கழுத்துப் பட்டி நினைவுக்கு வந்தது. இந்தக் கோட்டுகளில் அழகுக்கென்று ஒரு தையல்கூடக் கிடையாது. அத்தனையும் குளிர் நுழைகிற வழியை அடைக்கப் போட்ட தையல். அதனால்தான் இத்தனை அழகாக இருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடையில் தொங்கும் புதுக் கோட்டில் பை இருக்கிற மாதிரி ஒரு தையல் இருக்கும், கை விட்டால் பை இருக்காது. பட்டாளத்துக் கோட்டில் அப்படிப் பொய் சொன்னால் ஆள் செத்துப்போவான்.

இந்த ஆசை என் மகள் தலைமுறைக்குத்தான் புதிதாக வந்தது என்றும் இல்லை. முதல் உலகப்போரில் பதுங்குகுழி அதிகாரிகள் போட்ட மழைக்கோட்டுதான் இன்றைய டிரென்ச் கோட். 1951ஆம் வருஷத்துப் பார்க்கா கொரியப் போர்க் குளிருக்காக வந்தது. அதன் பின்பக்கம் மீன்வால் மாதிரி பிளந்திருக்கும், தொடையில் கட்டிக்கொள்ள. அது கண்டம் ஆனதும், 1960களில் இங்கிலாந்து இளைஞர்கள் நல்ல சூட்டில் அழுக்குப் படாமலிருக்க அதை மேலே போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் சுற்றினார்கள். அந்தக் கொரியக் குளிரில் நம் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 1950 நவம்பரிலிருந்து வேலை செய்தது. மகா வீர் சக்ரா பெற்றவர். பார்க்காவை விரும்பி வாங்குகிற பிள்ளைகள் அந்தப் பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றை என் மகள்தான் சொன்னாள். எம்-65ஐ உலகம் முழுக்க இளைஞர்கள் தேட ஒரு முக்கியக் காரணம் 'டாக்ஸி டிரைவர்' படமாம். ராபர்ட் டி நீரோ அதைப் போட்டுக்கொண்டு நடிப்பார். படம் வந்த வருஷம் 1976.

"நீ பம்ப் ரூம் பின்னால ஒளிச்ச அதே வருஷம்மா," என்றாள்.

அதற்குப் பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவள் கேட்டாள், நான் பயந்துகொண்டிருந்த கேள்வியை. "தாத்தா கோட்டு இப்ப எங்கே?"

1988இல் அதைக் கொடுத்துவிட்டோம். எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம். பழைய துணி வாங்கிப் பாத்திரம் கொடுக்கிற அம்மாள் தலையில் கூடையோடு எங்கள் லைனுக்கு வருவாள். மராட்டியில் போஹாரீண் என்பார்கள். ஜரிகை போன இரண்டு புடவை, அப்பாவின் பேண்ட், மேலே இந்தக் கோட்டு. அவள் கோட்டைத் தூக்கிப் பார்த்து, இது யாருக்கு வேண்டும் என்று ஒதுக்கினாள். அம்மா வற்புறுத்தித்தான் சேர்த்துக் கொடுத்தாள். கிடைத்தது ஒரு எவர்சில்வர் குண்டான், இரண்டு படி பிடிக்கும். நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. சொல்லப்போனால் நிம்மதியாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கொடியில் அது தொங்காது. உள்பையிலிருந்த பீடித்துண்டும் தீப்பெட்டி அட்டையும் அதோடு போயின.

கூடையில் போன கம்பளி பிறகு எங்கே போகும் என்று விசாரித்து அறிந்திருக்கிறேன். நல்லதாக இருந்தால் திரும்ப ஜூனா பஜார் மாதிரிச் சந்தைக்கு. இல்லையென்றால் ஹரியானாவில் பானிப்பட்டுக்கு. உலகத்தின் பழைய கம்பளிக் கோட்டெல்லாம் வந்து குவிகிற ஊர் அது. வெளிநாட்டுச் சரக்கை, மறுபடி உடுத்த முடியாதபடி கிழித்துத்தான் உள்ளே விடுவார்கள். அங்கே பெண்கள் அரிவாள்மணை போன்ற கத்திமுன் உட்கார்ந்து பொத்தானையும் லைனிங்கையும் அறுத்தெடுப்பார்கள். பிறகு நிறவாரியாகப் பிரித்து, பஞ்சாகக் கிழித்து, நூலாக்கி, போர்வை நெய்வார்கள். வெள்ளத்திலும் பூகம்பத்திலும் மூட்டை மூட்டையாக இறக்குகிறார்களே, அந்தச் சொரசொரப்பான சாம்பல்நிறப் போர்வைகள் அப்படி வந்தவைதான். 1993இல் லாத்தூர் பூகம்பச் செய்தியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வைக்கு வரிசையில் நின்ற ஒரு கிழவியைக் காட்டினார்கள். எங்கள் கோட்டு அதில் ஓர் இழையாகவாவது இருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது.

குண்டான் இன்றைக்கும் இருக்கிறது. பால் காய்ச்சுகிறேன்.

காலம் இன்னொரு விதத்திலும் மாறிவிட்டது. அன்று மிலிட்டரி கோட்டைக் கூறுகட்டி விற்றார்கள், கேட்பார் இல்லை. 2016 ஜனவரியில் பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு, ராணுவ உடை மாதிரித் துணிகளைப் பொதுமக்கள் உடுத்தவேண்டாம், கடைக்காரர்கள் விற்கவேண்டாம் என்று தரைப்படை கேட்டுக்கொண்டது. 2022 ராணுவ தினத்தில் வந்த புதுப் போர்ச்சீருடையின் வடிவத்தைப் பதிவுசெய்து உரிமை வாங்கியிருக்கிறார்கள். 2025இல் அதே அச்சு போட்ட குளிர்க் கோட்டுக்கும் உரிமை வாங்கியாயிற்று. சிப்பாய் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு சிப்பாய் உடை போட்டால் மூன்று மாதம்வரை சிறை உண்டு என்று சட்டமும் சொல்கிறது. இதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அது உழைத்துப் பெறவேண்டிய உடை. பழைய கோட்டை ஆசையாகப் போடுகிற பிள்ளைகள், நம் படையின் இப்போதைய சீருடையைத் தொடாமல் இருப்பதுதான் மரியாதை.

சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் 1961இல் தொடங்கிய படைத்துறை உடைத் தொழிற்சாலை இருக்கிறது. என் சித்தி மகள் அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவளைப் பார்க்க ஒரு மே மாதம் போயிருந்தேன். அனல் காற்று முகத்தில் அறைந்தது. இந்த வெயிலில் உட்கார்ந்து பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்கும் கைகளை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். நூல் கட்டானால் விரலை நனைத்துக் கோத்து, வேர்வையை முழங்கையால் துடைத்து, தாங்கள் ஒருநாளும் படாத ஒரு குளிருக்காகத் தைக்கிறார்கள்.

அந்தக் குளிரில் நிற்கிறவர்களும் நம் பிள்ளைகள்தான். 1984 ஏப்ரல் 13 அன்று நம் படை சியாச்சினில் ஏறியது. அதற்கான உடுப்பு ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது முந்தைய நாள். 2016 பிப்ரவரி 3 அன்று அங்கே 19,000 அடிக்கு மேல் சோனம் காவல்முனையில் பனிச்சரிவு விழுந்து 19 மெட்ராஸ் படையின் பத்துப் பேர் புதைந்தார்கள். பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். எந்தக் கோட்டும் அன்று காப்பாற்றியிருக்காது. ஆனால் 2020இல் நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கை, உயரமான இடங்களில் நிற்கிற படைக்குக் குளிர் உடுப்பும் பனிக்கண்ணாடியும் வந்துசேர்வதில் தாமதமும் தட்டுப்பாடும் இருந்ததை எழுதியிருக்கிறது. அதைப் படித்த அன்று ராத்திரி சுபேதார் மாமாவின் இடது காலை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன். நல்லவேளை, அதைப் பார்க்க அவர் இல்லை.

என் மகளுக்கு எதைச் சொல்லவேண்டும் என்று யோசித்தேன். பதினோராயிரம் அதிகம் என்று சொல்லவில்லை. அவள் பணம், அவள் ஆசை. அந்தக் கோட்டை உண்மையாகவே நேசிக்கிறாள், அதன் ஓட்டையும் கறையையும் சேர்த்து. நான் பதினோரு வயதில் செய்யத் தவறியதை அவள் செய்கிறாள். பீரோவைத் திறந்து, அடித்தட்டில் இஸ்திரிப் பெட்டியோடு கிடந்த ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன். அம்மா வெட்டிய அந்த ஒரு முழத்தில் மிஞ்சியது. பிடிதுணியாகப் பாதி கருகி, பிறகு இஸ்திரி போட விரிக்கும் துணியாகி, அம்மா போன பிறகு என்னிடம் வந்தது. ஓரத்தில் புகைக்கறை. அவள் அதை முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தாள்.

"இது வேணும்மா."

"எடுத்துக்கோ. ஆனா வெட்டாதே."

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில், பரணிலோ தகரப் பெட்டியிலோ, தாத்தாவோ மாமாவோ பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கோட்டு ஒன்று இருக்கலாம். எடுத்து இரண்டு நாள் நிழலில் காயப்போடுங்கள். காய்ந்த வேப்பிலையைப் பருத்தித் துணியில் முடிந்து பைக்குள் வையுங்கள், கம்பிக் கொடியில் மாட்டாமல் மடித்தே வையுங்கள், கம்பளி தன் கனத்திலேயே இழுபட்டுவிடும். உள்பையில் எது இருந்தாலும் அங்கேயே இருக்கட்டும். பாத்திரக்காரி வந்தால் வேறு எதையாவது போடுங்கள்.